தொழில்நுட்பப் ‘பரிமாற்றம்’ என்ற சொல்லை விட்டுவிடலாமா?

வணக்கம் அண்ணை, மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் technology transfer என்பதற்குத் ‘தொழில்நுட்பப் பரிமாற்றம் என்றே இருக்கட்டும், எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்தச் சொல் வரும்போதெல்லாம் பேனை நின்றுவிடுகிறது. பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் கொடுத்து வாங்குவது. கருத்துப் பரிமாற்றம், பரிசுப் பரிமாற்றம் எல்லாம் சரி. ஒரு பல்தேசியக் கம்பனி தன் உற்பத்தி முறையை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கும்போது அறிவு ஒரு திசையில் போகிறது, மறு திசையில் வருவது உரிமக் கட்டணம். அதைப் பரிமாற்றம் என்று எழுதினால் பிள்ளைகள் ஏதோ சரிக்குச் சமமான கொடுக்கல் வாங்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். (பல்தேசியக் கம்பனியா பன்னாட்டு நிறுவனமா என்பதை இப்போதைக்கு விடுவோம். பின்னது ஐ.நா. போன்ற அமைப்புகளையும் குறித்துவிடும் என்பதால் எனக்கு முன்னதே பிடிக்கும்.)

அதற்குப் பதிலாக ‘இடமாற்றம்’ என்று வைக்கலாம் எனத் தம்பி சொன்னதும் பொருந்தவில்லை. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவருக்கு மல்லாவிக்கு இடமாற்றம் கிடைத்தால் பழைய பள்ளிக்கூடத்தில் அவருடைய கதிரை வெறுமையாகிவிடும். தொழில்நுட்பம் கொடுத்தவரிடமும் அப்படியே இருக்கும். ‘கைமாற்றம்’ என்பதிலும் இதே குறைதான், அதோடு கைமாற்று என்றால் நாலு நாளில் திருப்பித் தருவதாக வாங்கும் காசு என்றுதான் சனம் விளங்கிக்கொள்ளும்.

‘கையளிப்பு’ அகராதிப்படி நல்ல சொல். ஆனால் 2009 வைகாசியில், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகலில் பிள்ளைகளை இராணுவத்திடம் கையளித்த தாய்மார் இருக்கிற ஊர் இது. அந்தப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 மாசியில் கிளிநொச்சியில் அவர்கள் தொடங்கிய போராட்டத்தில் அந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டிருப்போம். அந்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிற வகுப்பில், கரும்பலகையில் அதை நான் எழுத மாட்டேன்.

சரி, உண்மையில் என்னதான் போகிறது என்று பார்ப்போம். போன காலபோக (மாரிமழைப் போக) அறுவடையில் எங்கள் வயலில் நெல்லு வெட்டிக்கொண்டிருந்த பெரிய மெசின் இடையில் நின்றுவிட்டது, திரையில் ஏதோ ஒரு இலக்கம் மட்டும் மினுங்கியது. கழற்றிப் பார்க்க ஊர் மெக்கானிக் ஆயத்தமாக இருந்தார், ஆனால் அந்த இலக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று பார்க்கிற மென்பொருள் மெசினை விற்ற முகவரின் ஆளிடம்தான் இருந்தது, அவர் கொழும்பிலிருந்து மடிக்கணினியோடு வந்து சேர இரண்டு நாள், அதற்குள் மழை பிடித்து மிச்ச நெல்லு சாய்ந்துவிட்டது. மெசின் வந்துவிட்டது, நுட்பம் வரவில்லை. இதே மெக்கானிக் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய தலைமுறை அது. அதற்கு எந்தக் கம்பனியும் ஒப்பந்தம் எழுதித் தரவில்லை.

உலக அளவிலும் இதே கதைதான். கொரோனாத் தடுப்பூசிக்கான தன் காப்புரிமைகளைப் பெருந்தொற்றுக் காலத்தில் வலியுறுத்தப் போவதில்லை என்று அமெரிக்கக் கம்பனியான மொடேர்னா 2020 ஒக்டோபரில் அறிவித்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செய்முறையைச் சொல்லித் தரவில்லை, அதனால் 2021 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் அமைந்த மையத்தில் அஃப்ரிஜென் நிறுவனம், வெளியில் கிடைத்த தகவல்களை வைத்து அதே மாதிரித் தடுப்பூசியைத் தானாகவே செய்து பார்க்க வேண்டியதாயிற்று. உரிமம் வேறு, செய்முறை வேறு. இதற்கெல்லாம் ஒரு சர்வதேச ஒழுக்கக் கோவை எழுத ஐ.நா.வின் வர்த்தக, அபிவிருத்தி மாநாடு எழுபதுகளில் தொடங்கி 1985 வரை பேசிப் பார்த்தது, நாடுகள் உடன்படவில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் வங்காளதேசம். 1979 இல் தேஷ் என்ற ஆடைக் கம்பனி தன் ஆட்கள் 130 பேரைத் தென்கொரியாவில் டேவூ என்ற கம்பனியின் புசான் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. பழகி வந்தவர்களில் பெரும்பாலானோர் சில வருடங்களில் தேஷை விட்டு விலகி வேறு ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள், சிலர் சொந்தமாகவே தொடங்கினார்கள். தேஷுக்கு நட்டமாக இருந்திருக்கலாம், நாட்டுக்கு ஒரு தொழில் கிடைத்தது. அங்கே நுட்பம் ஆட்களின் கையோடு வந்தது.

அதனால் நான் முன்வைப்பது ‘தொழில்நுட்பப் பெயர்ப்பு’. மொழிபெயர்ப்பில் மூலநூல் மூலமொழியில் அப்படியே இருக்கிறது, நமக்கும் ஒன்று கிடைக்கிறது. பெயர்க்கிறவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல்லுக்குச் சொல் வந்தும் ஒன்றும் விளங்காது. நாற்றைப் பெயர்த்து நடுவது என்று கமக்காரனும் சொல்வான், ஆகவே சொல் புதிதாகவும் இல்லை. வாங்குபவரின் பக்கத்துக்கு ‘கைவரல்’ என்று வைக்கலாம். ‘கைவந்த கலை’ என்கிறோமே, அதுதான். அப்போது ஒரு ஒப்பந்தத்தைப் பார்த்து ‘உரிமம் தந்தார்கள், பெயர்ப்பு நடந்ததா, கைவரலுக்கு எத்தனை வருடம் எடுத்தது’ என்று தமிழிலேயே கேட்கலாம். பரிமாற்றம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பிரித்துக் கேட்க முடியவில்லை, என் சிக்கலே அதுதான்.

ஒரு இடைஞ்சல் இருக்கிறது. ‘பெயர்ப்பு ஒப்பந்தம்’ என்று சுருக்கினால் மொழிபெயர்ப்பு ஒப்பந்தம் என்று மயங்க இடமுண்டு, ‘நுட்பப்பெயர்ப்பு’ என்று சேர்த்து எழுதினால் தீருமா என்று சொல்லுங்கள். குறிப்பு தை முடிவில் அச்சுக்குப் போகிறது அண்ணை, மறுப்பு இருந்தால் அதற்கு முன் எழுதுங்கள்.