அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: தேசிய வாகையரை முடிவு செய்வது யார்?

கும்பகோணம் வாசகர்:
ஐயா, 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் 13 ஆட்டங்களிலும் தோற்காத புளோரிடா ஸ்டேட் அணியை, அதன் முதன்மை ஆட்டக்காரர் காயமடைந்திருந்ததைக் காரணம் காட்டி, பட்டத்துக்கு மோதும் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு, இறுதி 4 அணிகளில் சேர்க்காமல் விட்டது முறைதானா?

மன்னார்குடி வாசகர்:
முறையன்று. களத்தில் பெற்ற வெற்றியைக் குழுவினரின் ஊகம் அழிக்கக் கூடாது. முன்பு பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் தனித்தனியே வாக்களித்ததால், 1997இல் மிச்சிகன், நெப்ராஸ்கா என இரண்டு வாகையர்கள் உருவான கூத்தும் நடந்தது.

திருவாரூர் வாசகர்:
தம்பி, 2024 முதல் பட்டத்துக்கான இறுதிச் சுற்றில் 12 அணிகள் ஆடுவதால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் அந்தச் சுற்றுக்கு முன்பே இரண்டு ஆட்டங்களில் தோற்ற ஒகையோ ஸ்டேட் அணியே அந்தப் பருவத்தின் பட்டத்தையும் வென்றது. நம்மூர்ப் பொங்கல் கபடியில் ஒருமுறை தோற்றாலே வெளியேற வேண்டும்!

மன்னார்குடி வாசகர்:
அப்படியானால் 8 அணிகளே போதும். அவற்றிலும் மண்டல வாகையர்களுக்கே (கல்லூரி அணிகள் சேர்ந்த ஒவ்வொரு கூட்டமைப்பிலும் வென்றவர்களுக்கே) முதலிடம் தர வேண்டும்.