அப்பா அம்மாவோடு நார்தம்பர்லாந்து கடற்கரை: தனி ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) உள்ள காட்டேஜ் எப்படிப் பார்த்து எடுப்பது?

லெஸ்டர்_மலைக்கோட்டை:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் செப்டம்பரில் வருகிறார்கள். அக்டோபர் ஹாஃப் டெர்ம் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் நார்தம்பர்லாந்து கடற்கரையில் ஒரு காட்டேஜ் எடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை தங்கலாம் என்று யோசனை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. வெந்நீர் என்றால் அவருக்கு அவ்வளவு இதம். ஆனால் பொது நீச்சல் குளத்துக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். நாலு பேர் பார்க்க ஈர உடையோடு நடக்க அவருக்குக் கூச்சம், அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் எங்களுக்கு மட்டும் என்று தனி ஹாட் டப் உள்ள வீடாகத் தேடுகிறேன். வீட்டு வேலை எதுவும் இல்லாமல், கடல் காற்று வாங்கிக்கொண்டு, அம்மா வெந்நீரில் காலை நீட்டி உட்கார வேண்டும். இந்தப் பயணமே அதற்காகத்தான்.

இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பாம்பரோவுக்கும் சீஹவுசஸுக்கும் நடுவில். முன்பக்க மரத்தளத்தில் கடலைப் பார்த்த மாதிரி டப், விறகு போட்டுச் சூடாக்குவது. படத்தைப் பார்த்தால் கண் எடுக்க முடியவில்லை. இன்னொன்று பீட்னலில், பழைய கல் வீடு, பின்கட்டில் நாலு பக்கமும் சுவர், அதற்குள் கரண்டில் ஓடும் டப். படம் சுமார்தான். விலை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

அப்பாவுக்கு பிபி மாத்திரை உண்டு, இன்சுலினும் போடுகிறார். பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, மூன்று வயது. விறகா, கரண்டா? வீட்டுக்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? ஹோலி ஐலண்டுக்கு ஒரு நாள் போய் வர முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகடற்கரை:

தங்கச்சி, நான் அல்னிக் பக்கம் இருக்கிறேன். விடுமுறை வீடுகளில் ஒரு குடும்பம் வெளிக்கிட்ட பிறகு, அடுத்த குடும்பம் வருமுன் வீட்டையும் ஹொட் டப்பையும் துப்புரவாக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. ஆகவே படத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றிக் கதைக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கரண்டில் ஓடும் டப் 1,200 லீட்டர் பிடிக்கிறது, ஹீட்டர் 3 கிலோவாட் என்று வையுங்கள். அந்த ஹீட்டர் முழுதாக வேலை செய்தாலும் மணிக்கு 2 பாகைக்குச் சற்று மேல்தான் சூடேறும். குழாய்த் தண்ணீர் 12 பாகையில் வந்தால், 38 பாகைக்குக் கொண்டுபோக 12 மணி நேரம் வேண்டும். காற்றடித்தால் இன்னும் கூட. இப்போது நாளைப் பாருங்கள். முதல் இருந்தவர்கள் காலை 10 மணிக்குப் போகிறார்கள், நீங்கள் பின்னேரம் 4 மணிக்கு வருகிறீர்கள். இடையில் இருக்கிறது 6 மணி நேரம். வடித்து, உட்பக்கம் தேய்த்து, ஃபில்டரைக் கழுவி, திரும்ப நிரப்பவே அதில் பெரும் பங்கு போய்விடும். பிறகு எப்படி நீங்கள் வந்திறங்கும்போதே 38 பாகையில் இருக்கும்?

சில வீடுகளில் பொய்லரிலிருந்து நேரே சுடுதண்ணீர் விட்டு நிரப்புவார்கள். சில இடங்களில் பெரிய ஹீட்டர் இருக்கும். வேறு சிலர் இரண்டு குழுவுக்கு நடுவில் ஒரு நாள் வெறுமனே விடுவார்கள். இவை எல்லாம் நல்ல பதில்கள். இப்படி ஒன்றும் இல்லாமல் "வந்த உடனே இறங்கலாம்" என்று மட்டும் சொன்னால், போன வாரத்து ஆட்கள் குளித்த தண்ணீரில்தான் உங்கள் அம்மா காலை நீட்டப் போகிறார். முதல் இரவு தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்கிறாரா, அந்த வீட்டை நம்பலாம்.

இது வெறும் அருவருப்புப் பற்றிய கதை இல்லை. 20 முதல் 45 பாகை வரையான தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். டப் குமிழி விடும்போது எழும் நுண்துளிகளோடு அது நுரையீரலுக்குள் போனால் கடும் நிமோனியா வரலாம். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஆபத்துக் கூட. இதற்காகவே பிரித்தானியாவின் வேலைத்தளப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்எஸ்இ 2017ஆம் ஆண்டு ஹெச்எஸ்ஜி282 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. வாடகை வீட்டில் வைத்த டப்பும் அதற்குள் வரும். அதன் பெயரைச் சொல்லி, "இதன்படி செய்கிறீர்களா, ஒவ்வொரு குழுவுக்கும் தண்ணீர் மாற்றுகிறீர்களா" என்று வடிவாகக் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர்களுக்குக் கோபம் வராது. என்னிடம் யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான், அளந்து எழுதிய பதிவேட்டையே எடுத்துக் காட்டுவேன்.

நீங்களும் ஒரு பெட்டி சோதனைப் பட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள், விலை பெரிதில்லை. குளோரின் என்றால் லீட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம், புரோமின் என்றால் 4 முதல் 6, பிஹெச் 7.0 முதல் 7.6. இதற்குள் இருந்தால் இறங்கலாம். தண்ணீரை அளந்து மருந்து போட நீங்கள் தங்கியிருக்கும்போதும் ஒருவர் வந்து போவார். எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள், அம்மா டப்பில் இருக்கும் நேரமாக இருக்கக் கூடாது.

விறகு டப் பற்றி. இளம் சோடிகளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. மூன்று மணி நேரம் பக்கத்தில் நின்று விறகு தள்ள வேண்டும். சூடு ஒரு அளவில் நிற்காது, ஏறினால் குளிர்தண்ணீர் விட்டுத்தான் இறக்க வேண்டும். புகைபோக்கி தொட்டால் சுடும். மூன்று வயதுப் பிள்ளையும் இன்சுலின் போடும் அப்பாவும் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். கரண்ட் டப்பில் 36 என்று வைத்தால் 36இல் நிற்கும்.

அடுத்தது கூச்சம். நோர்தம்பர்லாந்து கோஸ்ட் பாத் என்று கிரெஸ்வெல்லில் தொடங்கி பெரிக் வரை 62 மைல் நடைபாதை ஒன்று இருக்கிறது. கடலைப் பார்த்த வீடு என்றால், அந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இந்தப் பாதை போகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். காலையிலிருந்து இருட்டும் வரை ஆட்களும் நாய்களும் போய்க்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொருவரும் கை காட்டி ஹலோ சொல்வார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் உங்கள் அம்மா அன்றோடு எழுந்து உள்ளே போய்விடுவார். வடகடல் காற்றும் முன்பக்கத்தில்தான் அறையும், டப்பின் மூடியே பறந்துபோய் வயலில் கிடக்க நான் எடுத்து வந்திருக்கிறேன். என் வாக்கு பீட்னல் பின்கட்டுக்குத்தான். கடலை நடந்துபோய்ப் பார்க்கலாம், பீட்னல் குடா அங்கே கைக்கெட்டும் தூரத்தில்.

முழங்கால் வலி என்கிறீர்கள். டப்பின் சுவர் ஏறக்குறைய இடுப்பு உயரம் வரும். படிக்கட்டோடு பிடிகம்பி உண்டா என்று கேட்டு, இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் வாங்குங்கள். இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டும் சொல்வது. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஃபில்டரில் படிந்து, குளோரினைத் தின்று, ஒரே நாளில் தண்ணீரைக் கலக்கிவிடும். முதலில் சவர்க்காரம் போட்டுக் குளித்து, கூந்தலை உச்சியில் கட்டிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். சேலையும் பருத்தி நைட்டியும் வேண்டாம். சலவைத்தூள் நுரைத்துப் பொங்கும், தொங்கும் துணி தண்ணீர் உறிஞ்சும் வாயில் சிக்கும். முழுக்கை நீச்சல் மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது, உடம்பு மூடியே இருக்கும். வெள்ளிக் கொலுசு, மெட்டியைக் கழற்றி வைக்கட்டும், கறுத்துவிடும்.

ஹோலி ஐலண்டுக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே போகும் தார் ரோடு நாளுக்கு இரண்டு தடவை கடலுக்குள் போய்விடும். கடக்கக்கூடிய நேரங்களைக் கவுண்டி கவுன்சில் தன் தளத்தில் போடுகிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு மற்ற நாட்களைத் திட்டமிடுங்கள். முன்னே போகும் கார் போகிறதே என்று பின்னால் போய் மாட்டுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். 635இல் எய்டன் துறவி மடம் அமைத்த இடம், 793இல் வைக்கிங்குகள் கொள்ளையடித்த இடம். அப்பாவுக்குப் பழைய கோவில், கோட்டை எல்லாம் பிடிக்கும் என்றால் அரை நாள் போதாது.

மருந்துக்கடை:

நான் ஃபார்மசிஸ்ட். அப்பா விஷயத்தை மட்டும் சொல்கிறேன். வெந்நீரில் ரத்தக் குழாய் விரியும், பிபி இறங்கும். மாத்திரையும் அதே வேலையைச் செய்வதால், டப்பிலிருந்து சட்டென்று எழும்போது தலை சுற்றி விழ வாய்ப்பு உண்டு. இன்சுலின் போட்ட கையோடு வெந்நீரில் இறங்கினால் அது ரத்தத்தில் வேகமாகச் சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடும் தெரியாது. கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றால், சர்க்கரை பார்த்துவிட்டு, குறைந்த சூட்டில் பத்து நிமிடம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். இன்சுலின் பேனாவை டப் ஓரத்தில் வைக்க வேண்டாம்.

மூன்று வயதுக் குழந்தை இறங்கவே வேண்டாம். சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். பல வீடுகளில் ஐந்து வயதுக்குக் கீழ் அனுமதியே இல்லை. அவனுக்குத் தனியாக ஒரு சின்ன வாளித் தண்ணீர் கொடுத்தால் போதும். யாரும் இல்லாதபோது மூடி பூட்டியிருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நார்விச்_வாசி:

அக்கா, லெஸ்டரிலிருந்து சீஹவுசஸ் நாலரை மணி நேரம், நடுவில் நிறுத்தினால் ஆறு. முழங்கால் வலியோடு அம்மா அவ்வளவு நேரம் மடக்கி உட்கார முடியுமா? நார்ஃபோக் வட கரை உங்களுக்குப் பாதித் தூரம்தான். வெல்ஸ், பிளேக்னி பக்கம் தேடிப் பாருங்கள். தரை பெரும்பாலும் சமம், ஏற்ற இறக்கம் குறைவு. மோர்ஸ்டன் துறையிலிருந்து சீல் பார்க்கப் படகு போகும். நார்தம்பர்லாந்து மாதிரி கடலோரக் கோட்டைகள் கிடையாது, ஆனால் வானம் அவ்வளவு பெரிதாக இருக்கும்.

லெஸ்டர்_மலைக்கோட்டை:

அண்ணா, அக்கா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. கடல் பார்த்த வீட்டை விட்டுவிட்டேன். தூரம் பற்றி அம்மாவிடமே கேட்டேன். திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பஸ்ஸில் போனவளுக்கு இது ஒரு தூரமா என்றார், அதனால் நார்தம்பர்லாந்துதான். போகும்போது டரம் நகரில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி நடக்க வைக்கிறேன். பீட்னல் வீட்டுக்காரருக்கு எழுதினேன். பிடிகம்பி உண்டு, ஒவ்வொரு குழுவுக்கும் தண்ணீர் மாற்றுகிறார்கள், முதல் இரவு 30 பாகைதான் இருக்கும், மறுநாள் காலையில் சரியாகும் என்று அவரே பதில் போட்டார். அண்ணா, சீஹவுசஸிலிருந்து ஃபார்ன் தீவுக்குப் படகில் போய் பஃபின் பறவை பார்க்க முடியுமா? பெரியவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அப்புறம், குக்கர் கொண்டு வரலாமா?

வடகடற்கரை:

30 என்று அவரே சொன்னாரா, அப்படியென்றால் பயப்படாமல் எடுங்கள்.

பஃபின் ஜூலை முடிவோடு கடலுக்குப் போய்விடும், அதைப் பார்க்க மே விடுமுறைக்குத்தான் வர வேண்டும். ஒக்டோபர் கடைசியில் சாம்பல் நிற சீல்கள் குட்டி போடத் தொடங்கும், வெள்ளை மயிரோடு பாறையில் கிடக்கும். மகனுக்கு அதைச் சொல்லி வையுங்கள். லெஸ்டர் பக்கம் விடுமுறை பெரும்பாலும் மற்ற ஊர்களுக்கு ஒரு வாரம் முந்தி வருவதால் குட்டிகள் குறைவாக இருக்கலாம், பெரிய சீல்கள் எப்படியும் இருக்கும். படகைச் செவ்வாய்க்கே பதியுங்கள். கடல் கொந்தளித்து அன்றைக்கு ஓடாவிட்டால் புதனும் வியாழனும் கையில் இருக்கும்.

குக்கர் கொண்டு வாருங்கள், ஆனால் அடுப்பு இண்டக்ஷனா என்று கேளுங்கள், அலுமினியம் அதில் வேலை செய்யாது. தாளிக்கும்போது சமையலறைக் கதவை மூடி ஜன்னலைத் திறவுங்கள். புகை அலாரம் அடித்தால் துவாயால் விசிறுங்கள், அலாரத்தைக் கழற்ற வேண்டாம்.