பொய் சொன்ன யூனிட் டெஸ்ட்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கல்லாப்பெட்டி:

முதலில் என் கதை. யூனிட் டெஸ்ட் என்றால், நிரலின் (கோடின்) ஒரு சின்னத் துண்டு சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் குட்டிச் சோதனை. அப்போது பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். கவரேஜ், அதாவது டெஸ்ட்கள் ஓட்டிப் பார்க்கும் கோடின் அளவு, 80 சதவீதத்தைத் தாண்டாமல் மெர்ஜ் (முதன்மைக் கோடில் சேர்ப்பது) கிடையாது என்று லீட் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டே நாளில் டெஸ்ட்களை எழுதிக் குவித்தேன். வரிக் கணக்குக்கும் ஒன்று எழுதினேன். எதிர்பார்க்கும் விடைக்கு என்ன செய்தேன் தெரியுமா? தொகையை 5-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்து, இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்யும் அந்த வரியையே கோடிலிருந்து காப்பி அடித்து டெஸ்ட்டில் ஒட்டினேன். பரீட்சை எழுதியவனே திருத்தினால் யார் ஃபெயில் ஆவார்கள்?

ஒரு கடையின் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, ஐ.ஜி.எஸ்.டி.யில ஒரு பைசா இடிக்குது." 53.50 ரூபாய்க்கு 5 சதவீதம் என்றால் 2.675. அவர் கணக்கில் 2.68, எங்கள் பில்லில் 2.67. பைத்தான் மொழியில் 2.675 என்ற எண்ணை ஃப்ளோட்டாக, அதாவது கணினியின் இரும எண் வடிவில், அப்படியே வைக்க முடியாது. அதைவிட ஒரு மயிரிழை குறைவாகத்தான் உள்ளே இருக்கும், அதனால் ரவுண்ட் கீழே இறங்கிவிட்டது.

தசம எண்ணை அப்படியே வைக்கும் டெசிமல் வகைக்கு மாறினேன், 2.68 வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். நல்லவேளை, இந்த முறை விடைகளை நான் கணக்குப் போடவில்லை. அவரிடமே பத்துப் பழைய பில்களை வாங்கி, அவர் கைப்பட எழுதியிருந்த எண்களை டெஸ்ட்டில் போட்டேன். 53.30-க்கு ஒன்று சிவப்பானது, அதாவது ஃபெயில் (பாஸ் என்றால் பச்சை). 2.665 என்பது 2.67 ஆகவேண்டும், வந்ததோ 2.66. சரிபாதியில் நின்றால் இரட்டைப்படை பக்கம் சாய்வது டெசிமலின் வழக்கமாம். பாதி என்றால் மேலே ஏற்று என்று தனியாகச் சொல்லவேண்டியிருந்தது. நான் எழுதியதிலேயே உருப்படியான டெஸ்ட் அதுதான். மொத்தமே பத்து வரி.

ராக்கோழி:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. எங்கள் டெஸ்ட் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் நம்பவில்லை.

தொழிற்சாலை வருகைப் பதிவேடு. ஒரு டெஸ்ட் பகலில் எப்போதும் பச்சை, நான் இரவு ஒரு மணிக்கு ஓட்டினால் சிவப்பு. மறுநாள் காலையில் காட்டப் போனால் பாஸ் ஆகிவிடும். "அது அப்படித்தான், இன்னொரு தடவை ஓட்டு" என்பதே டீமில் வழக்கமாகிவிட்டது. கடைசியில் அதை ஸ்கிப் செய்தும் வைத்தோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோடு தேதியை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எடுத்தது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக நம் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அதற்கு இன்னும் நேற்றுதான்! நைட் ஷிஃப்டில் அந்த நேரத்தில் கார்டு தேய்த்தவர்கள் எல்லாருக்கும் முந்தின நாள் தேதியே விழுந்துகொண்டிருந்தது. சம்பள நாளில்தான் வெடித்தது.

இப்போது ஃபங்ஷனுக்குள் கடிகாரம் பார்ப்பதில்லை, நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கிறோம். டெஸ்ட்டில் இரவு 1.15 என்று எழுதி வைத்திருக்கிறேன். பகல் பன்னிரண்டு மணிக்கு ஓட்டினாலும் அதற்கு இரவு 1.15-தான்.

தபால்காரி:

என்னுடையது சின்னது. கூரியர் லேபிளில் ஊர்ப் பெயருக்குப் பத்து இடம், மிஞ்சினால் வெட்டவேண்டும். டெஸ்ட்டில் ஏ, பி, சி, டி என்று நீளமாக ஒரு எழுத்துச் சரம் போட்டேன். சரியாகப் பத்தில் வெட்டியது, பச்சை.

முதல் நாளே "மேட்டுப்பா" என்று லேபிள் அச்சாகி வந்தது. மேட்டுப்பாளையம் எட்டெழுத்துதானே, பத்தில் அடங்கி இடம் மிச்சமிருக்கவேண்டுமே என்று விரல்விட்டு எண்ணினேன். ஆனால் கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு, மொத்தம் பதினைந்து. லேபிள் ஒட்டுகிற அண்ணன் "யாருப்பா இந்த மேட்டுப்பா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு என் டெஸ்ட்களில் ஆங்கில எழுத்து வரிசை வருவதே இல்லை, ஊர்ப் பெயர்கள்தான்.

கல்லாப்பெட்டி:

மேட்டுப்பா! 😄

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த ஒரு பைசாவுக்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. டெஸ்ட் எழுதியதும் கோடை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பேன். கூட்டலைக் கழித்தலாக்குவது, 'பெரியது' என்பதைச் 'சிறியது' ஆக்குவது. அப்போதும் பச்சையாக இருந்தால் அந்த டெஸ்ட் தூங்குகிறது. இதற்கு மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயர் உண்டு, ஜாவாவுக்குப் பிட், பைத்தானுக்கு மியூட்மட் என்று கருவிகளும் உண்டு. பெரிய புராஜெக்ட்டில் அவற்றை ஓட்ட நேரம் பிடிக்கும். நான் இன்னும் கையால்தான் கெடுக்கிறேன்.

ராக்கோழி:

இப்போதே செய்து பார்த்தேன். நேரமண்டல வரியைத் தூக்கிவிட்டு ஓட்டினால் 1.15 டெஸ்ட் சிவப்பு, சந்தோஷம். ஆனால் விடுப்புக் கணக்கில் ஒரு கூட்டலை மாற்றினேன், 40 டெஸ்ட்டும் பச்சை. நாளை காலை லீடிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.