தினமும் ஜபம் செய்தும் கோபம் அடங்கலையே, எங்கே பிசகு?

பாளையங்கோட்டைவாசி:
அண்ணாச்சிமாரே, வணக்கம். காலை 5 மணிக்கு ஒரு மாலை நமசிவாய ஜபம், பிறகு 16-64-32 கணக்குல மூச்சு. மண்டலத்துல பாதி தாண்டியாச்சு. ஆனா 8 மணிக்குள்ள வீட்ல சத்தம் போட்டுடுதேன். தலையும் கனக்குது. எதை மாத்தணும்?

குறுக்குத்துறையான்:
முதல்ல கும்பகத்தை, அதாவது மூச்சை உள்ளே அடக்குறதை, நிறுத்துங்க. பூரகம் (இழுக்கிறது) 16, கும்பகம் 64, ரேசகம் (விடுறது) 32 மாத்திரைன்னு திருமூலர் சொன்னது வாஸ்தவம்தான். மாத்திரைங்கிற கால அளவை ஒரு நொடியா வச்சாலே ஒரு சுற்றுக்கு 112 நொடி ஆகுது. பழகாத நெஞ்சு தாங்காது. முட்டி அடக்கினா படபடப்பும் எரிச்சலும்தான் மிஞ்சும். 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடுங்க, 10 சுற்று போதும். விடும்போது கடைசியில திணறினா 3க்கு 6 ஆக்கிக்கிடுங்க. பக்கத்துல இருந்து சொல்லித்தர ஆள் கிடைக்கிற வரைக்கும் கும்பகம் வேண்டாம். அப்பவும் தலை கனத்தா டாக்டர்கிட்ட பிரஷர் பாருங்க.

பத்தமடைக்காரர்:
கோபத்துக்கு மூச்சு மட்டும் போதாது, கணக்கு நோட்டு வேணும். எங்க ஊர்ல 1887ல பிறந்த சுவாமி சிவானந்தர், துறவுக்கு முன்னால மலேயாவுல டாக்டர். அவர் சாதகருக்குக் கொடுத்த ஆன்மிக நாட்குறிப்பும் வைத்தியர் கேக்கிற மாதிரிதான் கேக்கும்: எப்போ எழுந்தே, எத்தனை மாலை ஜபம், எவ்வளவு நேரம் மௌனம், எத்தனை தடவை கோபம், அதுக்கு என்ன தண்டனை.

‘இன்னைக்குக் கோபம் வந்தது’ன்னு எழுதினா பிரயோஜனமில்ல. ‘7.40, டிபனுக்கு முன்னால, மகன் ஷூ தேடினான், 3 நிமிஷம்’னு எழுதணும். அன்னன்னைக்கு ராத்திரியே எழுதணும். ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து யோசிச்சா மனசு தன் பக்கமே எழுதிக்கிடும். பத்து நாள்ல அதே நேரம், அதே ஆள், அதே வெறும் வயிறு திரும்பத் திரும்ப வந்து நிக்கும். மௌனத்தை அங்கதான் வைக்கணும்: 7.30லேருந்து 8 வரை, அவசியமானது மட்டும் பேச்சு. எடுத்த எடுப்பிலேயே முழுநாள் மௌனவிரதம்னு தாவினா, அடக்கி வச்சதெல்லாம் மறுநாள் கொட்டும்.

மேலரதவீதி:
தண்டனைன்னு பட்டினி கிடக்காதீங்க, பசியே பாதிக் கோபம். கூடுதலா ஒரு மாலை போதும், 108 மணிக்கு அஞ்சு நிமிஷம். மாலை முடியிற இடத்துல தனியா நிக்கிற மேருமணியைத் தாண்டாம மாலையைத் திருப்பணும். திருப்பின ஞாபகமே இல்லைன்னா விரல்தான் ஜபிச்சிருக்குன்னு அர்த்தம்.

பாளையங்கோட்டைவாசி:
கூடுதல் மாலை போட்டா அன்னைக்குக் கணக்கு நேராயிடுமா?

பத்தமடைக்காரர்:
ஆகாது. முதல்ல மகன்கிட்ட ‘சத்தம் போட்டது தப்புய்யா’ன்னு சொல்லுங்க, அப்புறம் மாலையை எடுங்க. சொன்னீங்களா இல்லையான்னு எழுத நோட்டுல ஒரு கட்டம் தனியாப் போட்டுக்கிடுங்க.