விருது மேடையில் பார்த்த ஒரு நிமிஷம், இன்னும் மனசை விட்டுப் போகாதது – உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

நொய்யல்கரை:

எங்கள் பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவோருக்குக் கொடுக்கும் விருதுக்குப் பெயர் கேட்டு முன்னாள் மாணவர்களுக்கு மறுபடி மடல் வந்திருக்கிறது. சமூகப் பொறுப்போடு தொழில் செய்பவர், மாணவர்களுக்கு உந்துதலாக இருப்பவர், அதே வாசகம். படித்ததிலிருந்து 2014 திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. விழாவில் மேடைப் பொறுப்பு என்னுடையது. அந்த வருஷம் விருது ஒரு அக்காவுக்கு. அன்னூர்ப் பக்கம் மகளிர் குழு வைத்து நாப்கின் செய்கிறவர். எங்கள் ஊர் முருகானந்தம் கண்டுபிடித்த மலிவு விலை நாப்கின் மெஷின்தான், கோயமுத்தூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஏற்புரைக்கு ஐந்து நிமிஷம் என்று சொல்லியிருந்தோம். அக்கா எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை. மஞ்சப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதுக்குள்ள இருக்கறது வெறும் பஞ்சுன்னு நெனைக்காதீங்க, மரக்கூழுங்க" என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் பையன்கள் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மரக்கூழ் ஈரத்தை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று காட்டத் தண்ணீர் கேட்டார். மேடையில் இருந்த ஒரு பெரியவர் தன் டம்ளரை நகர்த்திக் கொடுத்தார். ஊற்றிக் காட்டினார், அமுக்கிக் காட்டினார். மீதிப் பாக்கெட்டை அந்தப் பெரியவர் முன்னாலேயே மேஜையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பெரியவர் தன் பூங்கொத்தை எடுத்து அதன் மேல் வைத்தார். பூங்கொத்து சின்னது. நீலக் கவரின் முனை வெளியே தெரிந்தது. போட்டோக்காரர் வேறு முன்னால் வந்துகொண்டிருந்தார். நான் பக்கத்துத் திரையிலிருந்து குனிந்தபடி ஓடிப்போய், அந்தப் பாக்கெட்டை எடுத்து, சால்வை வந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டு மூடினேன். விழா கெட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான் அப்போது மனசில் இருந்தது. நிமிர்ந்தால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸை விட்டவர்கள் அது போன திசையைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

சாப்பிடும்போது போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் கிளம்பிவிட்டிருந்தார்.

வைகைவாசி:

மதுரையில் நான் படிச்சப்ப இப்படி விருதெல்லாம் கிடையாது. ஆனா வகுப்புல நடந்த ஒண்ணு இதே மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கு.

1999. நிர்வாகவியல் வகுப்பு. அரவிந்த் கண் மருத்துவமனை பத்தி ஹார்வர்டுல எழுதின பாடத்தை எங்க சார் நடத்துனாரு. டாக்டர் வெங்கடசாமி 58 வயசுல அரசு வேலையில ஓய்வு வாங்கி, 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. முடக்குவாதத்துல கோணிப்போன விரலை வச்சுக்கிட்டு கண்ணுக்குள்ள கத்தி பிடிச்ச மனுஷன். காசு கொடுக்குறவங்க கொடுக்குற காசுல, கொடுக்க முடியாதவங்களுக்கும் அதே டாக்டர், அதே அறுவை சிகிச்சை. பாடம் நடத்தும்போது சாருக்கே குரல் கம்முச்சு. "இதே ஊர்ல இருக்கீங்க, உங்க வீட்டுல யாராச்சும் அங்க இலவச முகாம்ல ஆபரேஷன் பண்ணியிருக்காங்களா?"ன்னு கேட்டாரு.

எங்க அப்பத்தா பண்ணியிருக்கு. ரெண்டு கண்ணும். முதல் கண்ணு எண்பதுகள்ல. அப்ப உள்ள லென்ஸ் வைக்கிறது ஏழைகளுக்கு எட்டாது, வெளிநாட்டுல இருந்து வரணும். அதனால சோடாபுட்டிக் கண்ணாடி. ரெண்டாவது கண்ணு, மதுரையிலயே அரவிந்தோட ஆரோலேப் ஆரம்பிச்சு லென்ஸ் செய்ய ஆரம்பிச்சதுக்கு (1992) அப்புறம். திருமங்கலத்துல முகாம், பஸ்ல கூட்டிட்டுப் போய், சோறு போட்டு, திரும்பக் கொண்டாந்து விட்டாங்க. கட்டு அவிழ்த்த அன்னைக்கு அப்பத்தா என் சட்டைப் பித்தானை எண்ணுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு, விரலால தொட்டுத் தொட்டு.

நான் கை தூக்கல. இலவச வார்டுன்னு சொல்லணுமே. என் பக்கத்துல உட்காந்திருந்தவங்க எல்லாம் கார்ல வர்ற பிள்ளைங்க. சார் கொஞ்ச நேரம் பாத்துட்டு "சரி, யாரும் இல்லை போல"ன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாரு.

பாடத்துல போட்டிருந்த கணக்குல எங்க அப்பத்தாவும் ஒரு ஆளு. அதை அந்த இடத்துல சொல்லியிருந்தா போதும்.

கணக்கன்_திருப்பூர்:

நொய்யல்கரை, உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் பாக்கெட்டை மறைத்ததை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த அக்காவுக்கு விருது கிடைத்ததே, அதுதான் விஷயம். எனக்குத் தெரிந்து இந்த விருதுகளில் பாதி யாருக்குப் போகிறது என்பதைத்தான் பேச வேண்டும்.

என் கதை சின்னது. நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்த்தேன். முதலாளி பெயரை ஒரு கல்லூரி விருதுக்குப் பரிந்துரைக்கும் படிவத்தை நிரப்பியது நான்தான். "சமூகத்துக்குச் செய்தது" என்ற இடத்தில் நோட்டுப் புத்தகம், தண்ணீர்த் தொட்டி, ரத்ததான முகாம் என்று எழுதினேன். அன்று சாயங்காலம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒரு அம்மா வந்து, மகள் கல்யாணத்துக்கு பி.எஃப். எடுக்கலாம் என்றால் கணக்கில் எட்டு மாதமாகப் பணமே ஏறவில்லையே என்று கேட்டார். சம்பளத்தில் பிடித்திருந்தோம். என் மேஜையில் அந்தப் படிவம் இருந்தது. அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் அந்த அம்மா பேசினார்.

அதனால் தேர்வுக்குழுவில் இருக்கும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தே ஆக வேண்டும். அது சட்டக் கடமை. அதைப் பெருந்தன்மை என்று மேடையில் வாசிக்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியது இவை: எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? 20 பேர் இருந்தால் பி.எஃப். கட்ட வேண்டும். தொழிற்சாலையில் 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு, 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. பி.எஃப். இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் எந்த மாதம் எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடவுச்சொல் எதுவும் வேண்டாம். பத்து நிமிஷ வேலை. அடுத்து, மூன்று வருஷ வரவுசெலவு அறிக்கை கேளுங்கள். சரக்கு கொடுத்த சிறு வியாபாரிகளுக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்று பாருங்கள். சின்ன யூனிட்டுகளுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கடைசியாக, சொல்லாமல் ஒருநாள் கம்பெனி கேட்டுக்குப் போய் ஷிப்ட் விடும் நேரத்தில் நில்லுங்கள். வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பாருங்கள். படிவம் சொல்லாததை அது சொல்லும்.

மேட்டுத்தெரு:

கணக்கன் அண்ணா சொல்ற கணக்கெல்லாம் சரியா வச்சிருந்த ஒரு ஆளுக்குத்தான் எங்க காலேஜ்ல விருது கொடுத்தாங்க. பி.எஃப்., இ.எஸ்.ஐ., வரி, எல்லாம் சுத்தம். அவர் நடத்துனது குழுக்கடன் கம்பெனி.

அந்த விழாவுல முகமது யூனுஸ் கதையைச் சொன்னாங்க. சிட்டகாங் பல்கலைக்கழகத்துல பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், பக்கத்துல ஜோப்ரா கிராமத்துல 42 பேருக்குத் தன் கையில இருந்து 27 டாலர் கடன் கொடுத்து ஆரம்பிச்சது, ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கிற கிராமீன் வங்கியா வளர்ந்து, 2006-ல நோபல். கேட்கக் கேட்க எனக்குச் சிலிர்த்துப் போச்சு. நானும் எழுந்து நின்னு கை தட்டினேன். கேள்வி நேரத்துல மைக் வாங்கி, "ஏழைப் பெண்கள் கடனைச் சரியா திருப்பிக் கட்டுறாங்களா சார்?"னு கேட்டேன். 99 சதவீதம் திரும்ப வருதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அதுக்கும் கை தட்டல்.

வெளியே வந்து போனை எடுத்தா அம்மாகிட்ட இருந்து ஏழு மிஸ்டு கால். எங்க தெரு குழுவுல பத்து பேர். அதுல ஒரு அக்கா ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுப் போயிட்டாங்க. அவங்க தவணையை மத்த ஒன்பது பேரும் கட்டணும். அதான் குழு. அம்மா மெதுவா பேசுனாங்க. "வசூலுக்கு வந்தவங்க இன்னும் போகலப்பா. திண்ணையிலயே உக்காந்திருக்காங்க. விளக்கு போடலாமா வேணாமான்னு தெரியல."

வசூலுக்கு வந்தது வேற கம்பெனிதான். ஆனா நான் கேட்ட அந்த 99 சதவீதம் எப்படி வருதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. 2010-ல ஆந்திராவுல இதுக்காக அவசரச் சட்டமே போட்டாங்க, அதுக்கு அப்புறமும் எங்க தெருவுல இப்படித்தான். ஷிப்ட் விடும்போது கேட்டுல நில்லுங்கன்னு சொல்றீங்க. இவங்களுக்கு கேட் எது அண்ணா? எங்க வீட்டுத் திண்ணைதான்.

பீளமேடு_ராஜா:

மேலே முருகானந்தம் பெயர் வந்ததால் ஒன்று. எங்கள் கல்லூரிகளில் அவரைப் பற்றிச் சொல்லும்போது விருதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 2016 பத்மஸ்ரீ, 2014-இல் டைம் பத்திரிகைப் பட்டியல் என்று. அவர் ஆரம்பித்தது 1998-இல் கல்யாணமான புதிதில். கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். ஊர் ஒதுக்கியது, மனைவி பிரிந்து போனார், அம்மாவும் வீட்டை விட்டுப் போனார். 2006-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் கருவியைக் காட்டிய பிறகுதான் அது தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் போட்டிக்குப் போய், பிரதிபா பாட்டில் கையால் விருது வாங்கியது. மூன்றரைக் கோடி ரூபாய் மெஷின் செய்யும் வேலையை 65,000 ரூபாய் மெஷினில் கொண்டுவந்ததோடு, அதைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார்.

கணக்கன் சார், 2001-இல் அவர் உங்கள் தேர்வுக்குழு முன்னால் வந்திருந்தால் எந்த வரவுசெலவு அறிக்கையைக் காட்டியிருப்பார்?

குழுத்தலைவி:

நொய்யல்கரை தம்பி, நீங்க சொல்ற அக்கா நான் இல்லைங்க. எங்க ஊர் தர்மபுரிப் பக்கம். ஆனா அந்தப் பாக்கெட்டை எனக்குத் தெரியும். பன்னண்டு வருசமா அதைத்தான் செய்யறோம்.

எனக்கும் ஒரு காலேஜில கொடுத்தாங்க. கேடயம், சால்வை, ஒரு செக். பிள்ளைங்க நல்லாக் கேள்வி கேட்டாங்க. மார்க்கெட்டிங் எப்படி, பெரிய பிராண்டோட எப்படிப் போட்டி போடறீங்க, அடுத்த அஞ்சு வருசத் திட்டம் என்னன்னு. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். 2017-ல ஜி.எஸ்.டி. 12 சதவீதம் போட்டாங்க, 2018-ல எடுத்துட்டாங்க, எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. ஆனா மரக்கூழுக்கும் கவருக்கும் நாங்க கட்டற வரியை அதுக்கப்புறம் திரும்ப எடுக்க முடியலை, அது எங்க தலையிலயே நின்னுபோச்சுன்னு சொன்னேன். அதை ஒரு பொண்ணு குறிச்சுக்கிட்டா.

எல்லாம் முடிஞ்சு கை கழுவற இடத்துல ஒரு பையன் வந்தான். ஒல்லியா, சட்டைக் காலர் நைஞ்சு போய். மேடையில அவன் எதுவும் கேக்கலை. சுத்திப் பாத்துட்டு, "அக்கா, உங்க யூனிட்ல எங்கம்மாவுக்கு வேலை கிடைக்குமா? தீப்பெட்டி ஒட்டறாங்க, கை வேகமா வேலை செய்யும்"னான். நான் அவன் நம்பரை ஒரு பாக்கெட் கவர் மேல எழுதி வாங்கிக்கிட்டேன். கூப்பிடறேன்னு சொன்னேன்.

கூப்பிடலை. அப்ப எங்க குழுவுல இருந்த ஆறு பேருக்கே வாரத்துல மூணு நாள்தான் வேலை. ஆர்டர் இல்லை. விருது கொடுத்த காலேஜே அவங்க விடுதிக்கு எங்ககிட்ட ஒரு பாக்கெட் வாங்கலை. இல்லைன்னு சொல்றதுக்காவது போன் பண்ணியிருக்கணும். அந்தக் கவர் இன்னும் எங்க பீரோவுல இருக்கு, மை மங்கிப்போச்சு.

கணக்கன் சார், நீங்க சொன்னதோட ஒண்ணு சேத்துக்குங்க. விருது கொடுக்கறவங்க அந்தச் சரக்கை ஒரு வருசம் வாங்கட்டும். எங்களுக்கு அதுதான் ஆகும்.

கணக்கன்_திருப்பூர்:

அம்மா, சேர்த்துக்கொள்கிறேன். ராஜா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுவாணி_தண்ணி:

நொய்யல்கரை, அந்த அட்டைப்பெட்டி என்ன ஆச்சு?

நொய்யல்கரை:

விழா முடிந்து மிச்ச சாமான்களோடு விடுதிக்கு வந்துவிட்டது. அக்காவிடம் திருப்பிக் கொடுக்க முகவரி வாங்கினேன், போகவில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது எடுத்துப்போனேன். அம்மா கிணற்றடிக் கொடியில் துணியைச் சேலைக்கு உள்பக்கமாகக் காயப்போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. சமையலறையில் போய்ப் பாக்கெட்டை நீட்டினேன். பிரித்திருந்தது, ஏழுதான் இருந்தது. அம்மா வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எங்க வாங்கினே?" என்றார். ஒரு அக்கா கொடுத்தார் என்றேன்.

அப்பா வரும் சத்தம் கேட்டது. அம்மா பாக்கெட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, காபி போட ஆரம்பித்தார்.

குழுத்தலைவி அக்கா, உங்களிடம் மொத்தமாக எத்தனை பாக்கெட் எடுத்தால் பார்சல் அனுப்புவீர்கள்? இந்த வருஷத் தேர்வுக்குழுவில் முன்னாள் மாணவர் சார்பில் என் பெயரும் இருக்கிறது. விடுதிக் காப்பாளரிடம் திங்கட்கிழமை பேசப்போகிறேன்.