போட்டான் எண்ணும் சி.டி. டிடெக்டர்: இரைச்சல் உண்மையில் எவ்வளவு குறைகிறது?

கதிர்மானி:
2021 செப்டம்பரில் எக்ஸ்-கதிர்த் துகள்களை (போட்டான்) ஒவ்வொன்றாக எண்ணும் சீமென்ஸின் நேயோடம் ஆல்ஃபா சி.டி. கருவிக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்ததிலிருந்து, "மின்னணு இரைச்சல் இல்லை, அதனால் கதிர்வீச்சு டோஸைத் தாராளமாகக் குறைக்கலாம்" என்று எல்லா வகை ஸ்கேனுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். இது எனக்கு ஏற்புடையதல்ல. எண்ணிக்கையில் சேரத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, அதாவது வாசல் அளவை, 20 கே.இ.வி.க்கு (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) மேல் வைத்தால் மின்சுற்றின் சலசலப்பு எண்ணிக்கையில் சேராது, சரி. ஆனால் போட்டான் எண்ணிக்கை தற்செயலாக ஏறி இறங்குவதால் வரும் குவாண்டம் இரைச்சல் எங்கே போகும்? எம்.ஏ.எஸ்.ஸை (குழாய் மின்னோட்டம் × நேரம்; டோஸ் இதற்கேற்பவே) நாலில் ஒன்றாக்கினால் இரைச்சல் இரட்டிப்பாகும். எந்த டிடெக்டரும் இதற்கு விலக்கில்லை. சராசரி உடல்வாகில் வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது போட்டான்களின் மொத்த ஆற்றலைக் கூட்டி அளக்கும் பழைய காடோலினியம் ஆக்ஸிசல்ஃபைடு டிடெக்டரிலும் மின்னணு இரைச்சலின் பங்கு சொற்பம்தான்.

சுழல்வளையம்:
சராசரி உடல் என்று எல்லை போட்டுக்கொண்டால் நீங்கள் சொல்வது சரிதான். தோள்பட்டைக்கு வாருங்கள். 70 கே.இ.வி. அளவில் ஏறத்தாழ 3.6 செ.மீ. தண்ணீருக்கு ஒரு முறை கதிர் பாதியாகிறது. 20 செ.மீ. தாண்டும்போது சுமார் 47இல் ஒன்று மிஞ்சும். 40 செ.மீ. தாண்டினால் சுமார் 2200இல் ஒன்று. தோளில் எலும்பும் சேர்கிறது. சிக்னல் அந்த அளவுக்கு வற்றும்போது, கூட்டி அளக்கும் பழைய டிடெக்டரில் மின்னணு இரைச்சல் மேலோங்கிவிடும். கிடைமட்டக் கோடுகள் வருவது அதனால்தான். கதிர் எவ்வளவு தடுக்கப்பட்டது என்று கணக்கிட லாக் (மடக்கை) எடுக்கும்போது பூஜ்யத்தை ஒட்டிய அளவீடுகள் ஹெச்.யூ.வையே (சி.டி. படத்தின் அடர்த்தி எண்) சாய்த்துவிடும், அதை எந்த ஃபில்டரும் முழுசாக மீட்காது.

இன்னொன்று, பழைய வகை ஒவ்வொரு போட்டானுக்கும் அதன் ஆற்றலுக்கேற்ற எடை போடுகிறது. படத்தில் இரத்தக்குழாய் தெரிய ஏற்றும் அயோடின் மருந்தின் வேறுபாட்டைச் சுமந்து வரும் குறைந்த ஆற்றல் போட்டான்களுக்கு அங்கே மதிப்பு குறைவு. எண்ணும் டிடெக்டரில் எல்லாம் ஒன்றுதான்.

கதிர்மானி:
அயோடின் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணும் டிடெக்டரின் மூலப்பொருளான கேட்மியம் டெல்லுரைடின் குறையையும் சொல்லவேண்டும். ஒரு போட்டானின் மின்னூட்டம் இரண்டு பிக்சலில் சிதறினால் இரட்டை எண்ணிக்கை விழும், அல்லது இரண்டுமே வாசலுக்குக் கீழே போய்த் தொலையும். கேட்மியத்தின் 23, டெல்லூரியத்தின் 27 கே.இ.வி. ஒளிர்வுக் கதிர்கள் பக்கத்துப் பிக்சலில் தனிப் போட்டானாகப் பதியலாம். உடலின் விளிம்பில், கதிர் தடையின்றி வரும் இடத்தில், துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரண்டு போட்டான் ஒன்றாக எண்ணப்படும். பிக்சலைச் சின்னதாக்கினால் இந்த நெரிசல் குறையும், ஆனால் மின்னூட்டச் சிதறல் கூடும். இந்த இழுபறியை விற்பனைத் தாள்கள் சொல்வதில்லை.

அகல்:
இருவரும் தண்ணீர் ஃபேண்டமில் (உடலுக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர் உருளை) அளந்து பேசலாம். முதலில் குழாயைச் சூடேற்றி, கேன்ட்ரியை (ஸ்கேனரின் வளையத்தை) வெறுமையாக வைத்துக் காற்றுக் காலிபரேஷனை முடித்துவிடுங்கள். இதைத் தவிர்த்தால் படத்தில் வளையம் விழும், அதையும் இரைச்சல் என்றே எண்ணிவிடுவீர்கள். கே.வி. (குழாய் மின்னழுத்தம்), ஸ்லைஸ் தடிமன், கெர்னல் (படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் கணக்கீட்டு வடிகட்டி) மூன்றும் இரண்டு கருவியிலும் சமமாக இருக்கட்டும். திரும்பத் திரும்பக் கணக்கிட்டு இரைச்சலைக் குறைக்கும் ஐட்டரேட்டிவ் மறுகட்டமைப்பை அணைத்துவிடுங்கள். ஒரே அமைப்பில் இரண்டு முறை ஸ்கேன் செய்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, நடுவட்டத்தின் நியமவிலக்கத்தை 1.41ஆல் வகுங்கள், கழித்த படத்தில் இரண்டு ஸ்கேனின் இரைச்சலும் சேர்ந்திருக்கும். எம்.ஏ.எஸ்.ஸைப் படிப்படியாகக் குறைத்து, அதற்கு எதிரே இரைச்சலை லாக்-லாக் வரைபடமாகப் போடுங்கள். சாய்வு −0.5 என்றால் குவாண்டம் இரைச்சல் மட்டுமே. குறைந்த டோஸில் −1 பக்கம் சாய்ந்தால் மின்னணு இரைச்சல் உள்ளே புகுந்துவிட்டது.

சுழல்வளையம்:
20 செ.மீ. உருளையோடு நிறுத்தினால் கதிர்மானி ஜெயிப்பார். 40 செ.மீ.யிலும் அதே வரைபடத்தைப் போடுங்கள். சின்னப் பிக்சலைக் கூர்மையான கெர்னலில் பார்த்து "இரைச்சல் அதிகம்" என்று முடிவு கட்டவும் வேண்டாம். மென்கெர்னலில் பழைய கருவியின் கூர்மைக்கே இறக்கிப் பாருங்கள், அங்கே இரைச்சல் குறைவாகவே வரும்.

கதிர்மானி:
40 செ.மீ. போடலாம், மறுப்பில்லை. ஆனால் அந்தச் சாய்வு எந்த எம்.ஏ.எஸ்.ஸில் முறிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நடைமுறையில் பயன்படுத்தும் டோஸுக்குக் கீழே முறிந்தால், அந்த உடல் அளவுக்கு மின்னணு இரைச்சலைக் காரணம் காட்டி டோஸைக் குறைக்க இடமில்லை.