பரப்பு, குழியைச் சதுர மீட்டருக்குக் கொண்டுவர ஊருக்குள்ள எங்க தொடங்கலாம்?

தென்மராட்சியான்:
எங்கட சனசமூக நிலையத்தால, பரப்பு, குழி எண்ட யாழ்ப்பாணத்துப் பழைய கணக்கில சொல்லுற காணி அளவைச் சதுர மீட்டரிலயும் எழுதவேணும் எண்டு ஒரு வேலை தொடங்க இருக்கிறம். பிரதேச செயலகத்துக்கு மகஜர் குடுக்கிறதோ, வேற வழி இருக்கோ?

குழிக்கணக்கு:
மகஜர் பிறகு பாக்கலாம். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டம் மெட்ரிக் பக்கம்தான் நிக்குது. நில அளவைத் திணைக்களக் காணிப் படங்களும் ஹெக்டேயரிலதான் வருது. பழைய கணக்கு உயிரோட இருக்கிறது காணி உறுதிகளின்ர அட்டவணையிலயும் தரகர்மாரின்ர வாயிலயும்.

முதல்ல ஒரு பக்க அட்டை அடியுங்கோ. பரப்பு ரெண்டு வகை. வரகுப் பரப்பு 18 குழி, 252.9 ச.மீ. நெல்லுப் பரப்பு 12 குழி, 168.6 ச.மீ. குழி ரெண்டிலயும் ஒண்டுதான், 14.05 ச.மீ. "3 பரப்பு 7 குழி" எண்டு மொட்டையா எழுதினா வரகுக்கு 857, நெல்லுக்கு 604. ஒரு வரகுப் பரப்பே காணாமல் போகுது! எந்தக் கணக்கு எண்டதைத்தான் பெரிய எழுத்தில போடவேணும். 10 பேர்ச் ஒரு வரகுப் பரப்பு எண்டதையும் சேருங்கோ, பேர்ச்சில விக்கிற ஆக்களுக்கு அது காணும்.

நூல்பிடி:
பேர்ச்சை 25 ச.மீ. எண்டு வெட்டிப் போடாதேங்கோ, 25.29. ஒரு ஏக்கரில (16 வரகுப் பரப்பு) மூண்டு குழிக்கு மேல பிசகும்.

உறுதி எழுதுற நொத்தாரிசுமாரிட்டப் போக முதல் ஊரில அளக்கிற நில அளவையாளர்மாரைப் பிடியுங்கோ. படத்தில என்ன இருக்கோ அதைத்தான் நொத்தாரிசு அட்டவணைக்கு எடுப்பார். ஹெக்டேயரில நாலு தசமதானம் கேளுங்கோ. 0.0857 எண்டா 857 ச.மீ. எண்டு பாத்த உடன தெரியும். 0.09 எண்டு போட்டா 43 ச.மீ. சும்மா கூடும், பக்கத்துக் காணிக்காரன் வேலியடிக்கு வந்திடுவான்.

தென்மராட்சியான்:
நன்றி அண்ணை. "மீட்டரில எழுதினாக் காணி குறையும்" எண்டு வயசானாக்கள் பயப்பிடினம். அவைக்கு என்ன சொல்லுறது?

குழிக்கணக்கு:
அந்தப் பயம் முழுக்கப் பிழையில்லை. பழைய உறுதியில உள்ள பரப்புக் கனக்க இடத்தில கண்மதிப்பு. அதைப் பெருக்கி ச.மீ. எண்டு உறுதியில எழுதினா, அளக்காத காணிக்கு அளந்த தோற்றம் வந்திடும். பழைய அளவை அப்பிடியே விட்டு, "படத்தின்படி இத்தனை ஹெக்டேயர்" எண்டு பக்கத்தில சேர்க்கச் சொல்லுங்கோ. படம் இல்லாட்டி ச.மீ. விற்பனை விளம்பரத்தோட நிக்கட்டும்.

 

நூல்பிடி:
அட்டையை அடிக்க முதல் ஒரு நில அளவையாளரிட்டக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கோ. கையெழுத்தில்லாத அட்டையைத் தரகர்மார் கணக்கெடுக்கமாட்டினம்.